இரண்டு விரல் போகிற முடிச்சு

கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிறு கட்டினால், கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். போகவில்லையென்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். நான் படித்த படிப்பு மொத்தமும் இவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும்.

ஆறாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு இடுப்பு விழுந்துபோய், மாடுகளைப் பார்க்க ஆளில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் நின்ற மாதமே அந்தத் தப்பைச் செய்தேன். சோற்றுக்குப் போகிற அவசரத்தில் செவலைக் கன்றுக்கு உருவாஞ்சுருக்குப் போட்டு, பனைமரத்தில் கட்டிவிட்டுப் போனேன். இழுத்தால் இறுகுகிற சுருக்கு அது. தாயைத் தேடி மரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறது. நான் திரும்பி வந்தபோது நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தது.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கட்டில் காலில் கயிற்றைப் போட்டு, இறுகாத முடிச்சைப் போடச் சொன்னார். இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடி போடச் சொன்னார். பொழுது சாயும்வரை இதேதான். அதற்கப்புறம் என் கை வேறு முடிச்சே போட்டதில்லை. பாவாடை நாடாவைக்கூட அப்படித்தான் கட்டுவேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. எந்த வேலைக்குக் கேட்டுப் போனாலும் "எத்தனாவது வரைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆறாவது என்று சொல்லும்போதே பேப்பரை மூடிவிடுவார்கள். அப்போதுதான் நங்கை, அதாவது என் அண்ணன் சம்சாரம், ஒரு சேதி கொண்டுவந்தார். கொல்லங்கோட்டில் ஒரு வாடகை வீட்டில், கொக்கி ஊசியால் நூலில் குரோஷா பின்னச் சொல்லிக்கொடுத்து, அங்கேயே வேலையும் தருகிறார்களாம். படிப்பே கேட்பதில்லையாம்.

போனேன். நிஜமாகவே கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு கதவும் மூடிவிட்டால் சாகும்வரை கட்டுத்தரையும் சாணியும்தான் என்று, உள்ளே உட்காருவதற்கு முன்னமே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

பதினைந்து பேர் வந்திருந்தோம். ஊசி பத்துத்தான் இருந்தது. டீச்சர் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். "அடுத்த வியாழக்கிழமை ஒரு சாண் நீளம் சங்கிலி பின்னிக் காட்டணும். காட்டறவங்களுக்குத்தான் ஊசி" என்றார். பிறகு ஆரம்பத்தைச் செய்து காட்டினார். நூலை இடது கை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நூல்கண்டுப் பக்கத்து நூலை அந்த வளையத்துக்குள் மடிப்பாக இழுத்து, ஊசியில் மாட்டி, வாலைப் பிடித்து இழுத்தார். கண்ணி வழுக்கிக்கொண்டு போய் ஊசியின் கழுத்தைப் பிடித்தது.

அதே உருவாஞ்சுருக்கு.

வீட்டில் ஊசிக்கு எங்கே போவது? நங்கை பழைய குடைக்கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கொடுத்தார். மத்தியானங்களில் தண்ணித்தொட்டிப் பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். சுற்றுகிறவரைக்கும் சரியாக வரும். கடைசியில் மடிப்பாக இழுப்பதற்குப் பதிலாக, கை நூல் முனையை முழுசாக உள்ளே விட்டு, இன்னொரு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிடும். அசையாது.

"ஏனம்மிணி, கம்பியில கண்ணி மாட்டச் சொன்னா எருமைக்கு மூக்கணாங்கயிறு போடறயே?"

"நான் என்னங்க பண்ணட்டும், கை தானாப் போகுதுங்க."

"கையை நீ வெச்சிருக்கயா, கை உன்ன வெச்சிருக்குதா?"

நங்கை சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் உள்ளே போனதும் முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரிப்பேன். நூல் அழுக்கானால் டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு கவலை. வியாழக்கிழமை பஸ் வராமல் போய்விடுமோ என்று இன்னொரு கவலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தடவை சரியாக வந்தது. கண்ணி கம்பியை நோக்கி ஓடி இறுகுவதைப் பார்த்ததும், கம்பியையே கீழே போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ் நேரத்துக்கு வந்தது.

முதல் கண்ணி சரியாகவே விழுந்தது. இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, சரியாகத்தான் விழுந்தது. வாலைப் பிடித்து இழுத்தேன். அது மூடப்போகிற நேரம் என் இடது கையின் இரண்டு விரல் நடுவில் போய் நின்றது. நான் போகச் சொல்லவில்லை. அடுத்த கண்ணிக்கும் போனது. அதற்கடுத்ததற்கும். ஒரு சாண் பின்னி முடித்துவிட்டேன், ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு விரல் போகும்.

டீச்சர் அதை வாங்கி சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்னாலிருந்து ஒருத்தி, "டீச்சர், இதுல ஏரி மீனு புடிக்கலாமுங்க!" என்றாள். இன்னொருத்தி, "சின்ன மீனு ஓடிப் போயிருமாக்கும்!" என்றாள். வீடே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "மோளே, இறுக்கு. இறுகினாத்தான் அது நிக்கும்" என்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்லி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மறுபடி போட்டேன். விரல் போனது. அவர் என் விரலைப் பிடித்து விலக்கினார். விட்டதும் போனது.

"நூலுதானே மோளே. இறுக்கினா உயிரா போகப் போகுது?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இன்னும் ஒரு வாரம் தந்திருப்பாரோ என்று எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் பதினாலு பேருக்கு நடுவில், ஒரு கன்றைக் கொன்றவள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் என் கையிலிருந்து ஊசியை மெதுவாக எடுத்து, சுவரோரம் நின்றிருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு முதல் தடவையிலேயே வந்தது.

நான் பின்னிய சாண் நூலை யாரும் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறினேன்.

வாசலில் நங்கை என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அப்பா தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். போன காரியம் என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"வந்துட்டயா கண்ணு. கன்னு அவுந்து கெடக்குது பாரு. புடிச்சுக் கட்டு."

பிடித்துக் கட்டினேன். ஒரே தடவையில் விழுந்தது முடிச்சு. பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு வெரல் போகுதா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"போகுதுங்க" என்றேன்.