ஆட்டுக்கு ஓடிய கல்லூரி வீரன்

இன்று காலை ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் முடிவெட்டுக் கடையில் சண்டை. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் கூடாதாம்.

"காசு வாங்குனா அவன் மாணவனே இல்ல லா!" என்றார் பக்கத்து நாற்காலி வாத்தியார்.

பாதிச் சவரத்தோடு எழுந்துவிட்டேன்.

எழுபதுகளில் நான் கல்லூரியில் இருந்ததே ஆறு மாதம். அதற்குள் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திருவிழா ஓட்டத்தில் காற்றை முந்தி ஓர் ஆடு வென்றேன். அடுத்த வாரம் ஈப்போவில் கல்லூரிப் போட்டி. பரிசுக்கு ஓடியவன் என்று என்னைத் தடுத்தார்கள்.

"ஆட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு ஓடு" என்றார் அதிகாரி.

"அது குழம்பாயிருச்சு சார். எங்க லயத்துல அத்தன வீடும் சாப்பிட்டுச்சு. எல்லாரையும் தடை பண்ணுங்க!"

சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வெறுங்காலோடு போட்டிக்காரர்கள் கூடவே ஓடினேன். நான் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் மெடல்காரன் வந்து சேர்ந்தான்.

ஓடுகிறவனுக்குக் கொடுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். மறுப்பவர்கள் கீழே எழுதலாம். இன்னும் பாதி முகம் பாக்கியிருக்கிறது, எனக்கு அவசரமில்லை.