பால்மரம் ஓடாத சனிக்கிழமை

லுக்குட் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஆசீர்வாதம் அண்ணனின் மனைவி ரெஜினா அக்காவின் குரல்.

"வாத்தியாரே, உங்க கூட்டாளி போயிட்டாரு. காலையில காப்பி கேட்டாரு. கலக்கிட்டு வந்து பாத்தா, நாற்காலியில அப்படியே இருக்காரு. நாளைக்கு ராசா கோயில்ல அடக்கப் பூசை. வந்துருங்க."

அவர் அழவில்லை. மீன்காரர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்பது தெரியாமல் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.

ஆசீர்வாதம் அண்ணனை அறிந்தவர்கள் இரண்டு வகை. ராசா என்னும் ஊரில் கிளினிக் ஒன்றில் மருந்து கொடுத்த பெரியவராக அறிந்தவர்கள் ஒரு வகை. அதற்கு முன்பு, பகாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட மருத்துவ உதவியாளராக, அதாவது டிரஸ்ஸராக, அறிந்தவர்கள் இன்னொரு வகை. பூசை முடிந்ததும் இரு தரப்பிலும் பேசினார்கள். கைராசி என்றார்கள். கனத்த குரலில் அவர் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவரிடம் ஒரு குதிரை இருந்ததை யாரும் சொல்லவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே, ரொட்டிக் கடையின் மேல்மாடியில் ஒரு சீனர் சைபர் கபே திறந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியனான எனக்குச் சோதனைத் தாள் தட்டச்சு செய்ய அந்த இடம் உதவியது. ஒரு சனிக்கிழமை, பகாவில் மருந்து எடுக்க வந்த டிரஸ்ஸர் அண்ணனும் என்னோடு மாடியேறினார். நான் தட்டி முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று கடைக்காரர் அவரைப் பக்கத்துக் கணினியில் உட்காரவைத்து, இணையத்தில் ஏதோ ஒரு விளையாட்டைத் திறந்து கொடுத்தார்.

குதிரைப் பந்தய விளையாட்டு. எங்கோ ஒரு வெளிநாட்டு மாணவன் தன் அறையிலிருந்து நடத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் முதல் பருவம் தொடங்கியிருந்தது. சேருகிறவர்களுக்கு ஆளுக்கொரு இளங்குதிரை கிடைக்கும். அந்தப் பக்கத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குதிரை. அதை இந்த வாரம் ஓடவிடுவதா, நீந்தவிடுவதா, ஓய்வு கொடுப்பதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் பந்தயம். படம் கிடையாது. எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று ஆங்கில வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழும். பணம் கட்டவும் வேண்டாம். ஜெயித்தால் வரப்போவதும் இல்லை.

"பேரு கேக்குது வாத்தியாரே. என்னா போடலாம்?"

"இடி, மின்னல்னு எதாச்சும் போடுங்கண்ணே."

"இடி மின்னலுன்னா நம்ம ஆளுங்க வேலைக்கே போக மாட்டாங்களே" என்று சிரித்தார். "பால்மரம்னு போடுவோம்லா. தெனம் வெட்டுறோம், இன்னும் நிக்குது பாருங்க."

அப்படித்தான் எங்கள் ரப்பர் மரத்தின் பெயரில் ஒரு குதிரை பிறந்தது.

அந்த முதல் பருவத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விளையாட்டை நடத்தியவனுக்கே விதிகள் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு வாரம் எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டதாகத் திரையில் வந்தது. மறுவாரம் நீண்ட மன்னிப்பு எழுதியிருந்தான். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு பலகை இருந்தது. அதில் நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் பால்மரம் என்றால் என்ன என்று கேட்டார். பால் தரும் மரம் என்று அண்ணன் பதில் எழுதினார். பால் எப்படி ருசிக்கும் என்று அவர் கேட்க, "நாங்கள் குடிப்பதில்லை. உங்கள் கார் டயர்தான் குடிக்கிறது" என்று எழுதிவிட்டு, தானே ரசித்துச் சிரித்தார்.

பால்மரம் முதலில் கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் தங்கள் குதிரைகளைப் போட்டு விரட்டியதுபோல் நாங்களும் விரட்டினோம். பிறகு அண்ணன் வேகத்தைக் குறைத்தார். ஒரு வாரம் நீச்சல், ஒரு வாரம் வெறும் ஓய்வு. "வளர்ற பிள்ளை வாத்தியாரே, தூங்கட்டும்" என்பார். குதிரை மெல்ல முன்னேறியது. பருவம் முடியும் தறுவாயில் மொத்தப் புள்ளிகளில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. முதலிடத்தில் இருந்தது அந்த நியூசிலாந்துப் பெண்மணியின் குதிரை.

இதற்குள் தோட்டத்தில் கதை வேறுவிதமாகப் பரவியிருந்தது. சனிக்கிழமைதோறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு டிரஸ்ஸர் டவுனுக்குப் போகிறார், கேட்டால் குதிரை என்கிறார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: டிரஸ்ஸர் குதிரை கட்டுகிறார், பந்தயத்தில் பணம் வைக்கிறார்.

அந்தச் சொல் மற்றவர்களைவிட ரெஜினா அக்காவைத்தான் சுட்டது. அவருடைய அப்பா கோலாலம்பூர் பந்தயத்துக்கு ரயிலேறிப் போய்ப் போய் வீட்டையே வெறுமையாக்கியவர். தையல் இயந்திரமும் விலைபோன நாளை அக்கா ஒருமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதன் மேல் போர்த்தியிருந்த துணி மட்டும் தரையில் கிடந்ததாம். தன் கணவர் வாயிலும் குதிரை என்ற சொல் வந்ததும் அவர் சண்டை போடவில்லை. சனிக்கிழமைகளில் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு இருக்கும், குழம்பு இருக்கும், பேச்சு இருக்காது. அண்ணன் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். "காசு இல்லாத குதிரைன்னு ஒண்ணு இருக்கா?" என்று மட்டும் அக்கா கேட்டாராம்.

அந்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. லயத்தில் காய்ச்சல். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நிற்கும். வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டை எழுதிக் கொடுப்பது டிரஸ்ஸரின் பொறுப்பு. பள்ளித் திடலில் புல் வெட்டக் கேட்டு நான் ஆபீசுக்குப் போயிருந்தபோது, மானேஜர் அவரை நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். பாதித் தோட்டம் படுத்துக் கிடக்கிறது, நீ ஆள் பார்த்துச் சீட்டு எழுதுகிறாய் என்றார்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "நான் காய்ச்சலுக்குத்தான் எழுதறேன் சார், ஆளுக்கு இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கி, நான் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். அவரும் பயப்படக்கூடியவர்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் தோட்டத்துச் சிற்றாலயக் கமிட்டியிலிருந்து தோட்ட வேலையை மேற்பார்க்கும் சவரி மண்டோர் இரண்டு பேரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வீடு வீடாகப் போய்ப் பாடும் கரோல் குழுவை ஆண்டுதோறும் நடத்துவது அண்ணன்தான்.

"டிரஸ்ஸரே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருசம் பாட்டுக்கு வேற ஆளப் போட்டுக்குறோம். ஜனங்க ஒரு மாதிரியா பேசுறாங்க. குதிரை கட்டுறவரு சாமி பாட்டு பாடலாமான்னு கேக்குறாங்கலா."

அண்ணன் கையிலிருந்த மருந்துப் புட்டியை மூடி வைத்தார். "வர்ற சனிக்கிழமை கடைசி ஓட்டம். நீங்களும் வந்து பாருங்க மண்டோரே. பாத்துட்டு அப்புறம் என்னை வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

பள்ளிக்கூட வேனை வாடகைக்குப் பேசினார். கமிட்டி முழுதும் ஏறியது. கடைசியில், யாரும் எதிர்பார்க்காதபடி, ரெஜினா அக்காவும் கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சைபர் கபேயில் அவ்வளவு பேரைக் கண்டதும் கடைக்காரர் திகைத்துப்போனார். அண்ணன் உட்கார்ந்தார், பின்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். பக்கம் ஆடி அசைந்து திறந்தது. பந்தயத்துக்கு முன் குதிரையின் உடல்நிலை பற்றிய குறிப்பு வரும். அன்றைய குறிப்பை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன்: முன்னங்காலில் லேசான வீக்கம். ஓட முடியும். ஓடினால் மோசமாகலாம். கீழே இரண்டு பொத்தான்கள், ஓடட்டும் என்று ஒன்று, விலகிக்கொள்கிறேன் என்று ஒன்று.

ஜெயித்தால் பருவத்தின் கோப்பை. விலகினால் ஒன்றுமில்லை.

"லேசான வீக்கம்தானே, ஓட விடுங்க டிரஸ்ஸரே" என்றார் சவரி மண்டோர்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஓடட்டும்லா!"

"காசா பணமா, கம்பியூட்டர் குதிரைதானே!"

போன வாரம் குதிரை கட்டுவதே பாவம் என்று சொன்ன அதே வாய்கள். அண்ணன் அந்தக் குறிப்பை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். எனக்கும் பொறுக்கவில்லை.

"அண்ணே, இது நெசக் குதிரை இல்லண்ணே."

"தெரியும் வாத்தியாரே" என்றார். "ஆனா, கேள்வி நெசமாத்தானே கேக்குது?"

விலகிக்கொள்ளும் பொத்தானை அழுத்தினார்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அப்பா மச்சாம் டோக்டர், தாக் லாரி கா?" என்று மலாயில் கேட்டார். என்ன டாக்டர், ஓடலையா என்று. "சாக்கிட்" என்றார் அண்ணன், நோவு என்று.

பால்மரம் இல்லாத பந்தயத்தை எல்லோரும் நின்று பார்த்தோம். வரிகள் வந்து விழுந்தன. நியூசிலாந்துக் குதிரை எளிதாக வென்றது.

"நம்மளுது ஓடியிருந்தா மொதல்ல வந்திருக்கும்" என்றார் மண்டோர். நம்மளுது என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

"வந்திருக்கும்" என்று ஒத்துக்கொண்டார் அண்ணன்.

"பின்ன ஏன்?"

"வீங்குன காலோட வேலைக்குப் போன்னு உங்களுக்கு எழுதியிருக்கேனா மண்டோரே?"

அந்த மாதம் மண்டோரின் மருமகளே எம்.சி.யில் இருந்தாள்.

கீழே இறங்கி ரொட்டிக் கடை வாசலில் வேனுக்குக் காத்திருந்தோம். ரெஜினா அக்கா தேங்காய் பன் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனிடம் வந்தபோது நின்றார்.

"எங்கப்பா ஒரு நாள்கூட ஓட வேணாம்னு சொன்னதில்ல" என்றார். அவர் கையில் பன்னை வைத்துவிட்டு நகர்ந்தார். சனிக்கிழமையில் அவர் அண்ணனிடம் பேசி எத்தனையோ வாரமாகியிருந்தது. அண்ணன் அந்தப் பன்னைச் சாப்பிடாமல் தோட்டம் வந்து சேரும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸில் பாட்டை நடத்தியது அவர்தான். மண்டோரே ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஆர்மோனியத்தைத் தொடச்சு வச்சிருக்கோம், வாங்க" என்று கூப்பிட்டார். கமிட்டியில் ஒருவர் மட்டும் சனிக்கிழமை வீணாய்ப்போன கோபத்தைக் கடைசிவரை விடவில்லை. லயத்தில் கொஞ்ச காலம் இதே பேச்சுதான். "குதிரைக்கே எம்.சி. குடுத்தீங்க, எனக்கு ஒரு நாளு குடுக்கக் கூடாதா?" என்று கள்ளக் காய்ச்சலோடு வந்து நிற்பார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "குதிரை பொய் சொல்லாது. போய் வேலையப் பாரு" என்று விரட்டுவார்.

மானேஜரோடு இருந்த கசப்பு மட்டும் தீரவில்லை. பின்னர் தோட்டத்தின் ஒரு பகுதி வீடு கட்டக் கைமாறியது. ஆஸ்பத்திரியை மூடினார்கள். வேறு தோட்டத்தில் வேலை இருந்தும் இவரை யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. ராசாவில் சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே கிளினிக்கில் சம்பளம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம். அவர் குறைபட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. பால்மரம் இன்னும் சில பருவங்கள் ஓடியது. கோப்பை எதுவும் வாங்கவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கமே இணையத்தில் இல்லாமல் போனது. வருத்தமா என்று கேட்டேன். "அது நல்லா ஓடுச்சு வாத்தியாரே. நீங்களும் பாத்தீங்கல்ல, போதும்" என்றார்.

அவருக்குப் பின் எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பூசை முடிந்து ராசாவிலிருந்து திரும்பி வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நான் தலைமையாசிரியரான பிறகு எங்கள் பள்ளி அஞ்சல் ஓட்டத்தில் மாவட்ட இறுதிக்குப் போனது. கடைசிச் சுற்று ஓடவேண்டிய தர்ஷினி என்ற பிள்ளைக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கட்டுப் போட்டு ஓடிவிடுவாள் என்றார்கள் ஆசிரியர்கள். அவளுடைய அப்பாவும் ஓடட்டும் என்றார். அவளும் அழுதுகொண்டே அதையேதான் கேட்டாள். நான் அவள் பெயரை நீக்கினேன். கோப்பை வேறு பள்ளிக்குப் போனது. அந்த ஆண்டு முழுவதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளியை விட்டுப் போன அன்றும் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டு, என் அறையை மட்டும் கடந்து போனாள்.

இரக்கப்படுவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அது எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இரக்கப்பட்ட பிறகு வரும் கோபத்தை, ஏளனத்தை, நட்டத்தை யார் மேலும் திருப்பாமல் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல் கதவைத் திறந்து உட்கார்வது வேறு. தர்ஷினி என் அறையைக் கடந்து போனபோது நான் அவளைக் கூப்பிட்டு நியாயம் பேசவில்லை. அவள் இரண்டு காலும் சரியாக ஊன்றிப் படியிறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆசீர்வாதம் அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.