பச்சை வாய் எலிகள்

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பைச் சின்னவள் தன் இருபத்து நான்காம் வயதில் விட்ட இடத்திலிருந்து பிடித்து முடித்தாள். முப்பத்தேழு பேர் கேட்டு வந்த ஆய்வுக்கூட உதவியாளர் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. வீட்டில் எலி ஓடினால் நாற்காலி மேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிட்டவள், மூன்றே வாரத்தில் ஆய்வுக்கூட எலியைக் கடிபடாமல் ஒரு கையால் தூக்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

அந்தக் கூடத்தில் ஆய்வு மாணவி ஒருத்தி, வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கும் பழைய மருந்து ஒன்றைச் செம்போடு பிணைத்துப் புது மருந்து செய்திருந்தாள். எலியின் பின்பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்பார்கள். அந்தப் பாதத்தைக் கண்ணாடிக் குழாய் நீரில் அமிழ்த்தி, நீர் எத்தனை கோடு ஏறுகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுவார்கள். மாணவி அளப்பாள், சின்னவள் எலியைப் பிடிப்பாள். செம்பு மருந்து குடித்த எலிகளுக்கு வீக்கம் அறுபது சதவீதம் குறைந்திருந்தது. கூடமே குதூகலித்தது.

சின்னவளுக்கு மட்டும் உறுத்தல். பழைய மருந்து வெள்ளை. செம்பு மருந்து பச்சை. குடித்த எலியின் வாயோரமும் பச்சை. நீர் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால், பச்சை வாய் எலிக்கு மாணவி கீழ்க்கோட்டை எழுதினாள், மற்றவற்றுக்கு மேல்கோட்டை.

வீட்டில் சொன்னதும் அக்கா பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். தற்காலிக வேலை, அடுத்த மாதம் நீட்டிப்பார்களா என்பது கூடத்தை நடத்தும் பேராசிரியர் கையில். அவர் கேட்கப்போவதோ அந்த மாணவியைத்தான். வாயைக் கொடுத்து வேலையைத் தொலைக்காதே என்றாள்.

"எலிக்கு வலிக்குதுக்கா. தப்பா எழுதினா அது பட்ட பாடெல்லாம் வீணாயிடும்."



மறுநாள் காலை சின்னவள் மாணவியிடம் போட்டு உடைத்தாள்.

"அப்போ நான் பொய் எழுதறேன்னு சொல்றியா?"

"உங்க கை பொய் எழுதல மேடம். கண்ணுதான் ஆசைப்படுது."

வழியும் அவளே சொன்னாள். சமையலுக்குப் போடும் பச்சைச் சாயத்தை எல்லாக் கிண்ணத்திலும் கலக்கலாம், எல்லா எலியும் பச்சை வாயோடு வரட்டும் என்றாள். மாணவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். எந்தக் கிண்ணத்தில் எது என்று தெரியாத ஆள்தான் அளக்க வேண்டும் என்றார் அவர். மருந்தைக் கலக்குவது மாணவி என்பதால், அப்படிப்பட்ட ஆள் சின்னவள்தான்.

முப்பத்தாறு எலிகளை அவள் அளந்தாள். மூச்சை அடக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. செம்பு மருந்தால் வீக்கம் குறைந்தது அறுபது சதவீதம் என்று இருந்தது நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. ஆனால் பழைய மருந்துக்கு இருபத்தெட்டுதான். மாணவி நாற்பத்தொன்றைத் தன் தாளில் எழுதிக்கொண்டு சின்னவளிடம் சொன்னாள்.

"இறங்கினாலும் நிக்குது. இனி யாரு கேட்டாலும் பயமில்ல."

அளந்தவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று பேராசிரியர் குறிப்பேட்டைச் சின்னவள் பக்கம் திருப்பினார். ஆய்வுக் குறிப்பேட்டில் அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது 2014, பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.