பதினாறு அங்குல வழி

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அதன் கூரையிலிருந்த அவசர வழிக்குள் இடுப்புவரை இறங்கிய பிறகுதான் மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்தது. இனிக் கீழேயும் போக முடியாது, மேலேயும் வர முடியாது.

உள்ளே ஒரு பள்ளி ஆசிரியையும், பார்சல் கொண்டு வந்தவரும், கையில் பூந்தொட்டி வைத்திருந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே இரண்டு பூட்ஸ் கால்கள் நீச்சலடித்துக்கொண்டிருந்தன.

"அவசரமில்ல சார், நிதானமா வாங்க" என்றார் ஆசிரியை.

"வந்துட்டேன்மா, இதோ வந்துட்டேன்."

பார்சல்காரர் அண்ணாந்து பார்த்தார். "டீச்சர், இவ்வளவு நேரம் மூணு பேர் மாட்டியிருந்தோம். இப்ப மூணரை."

கூரைமேல் நின்ற கூட்டாளி, மெக்கானிக்கின் அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தார். அவரை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள், நிஜமாகவே ஒல்லி.

"மூச்சை வெளிய விடுண்ணே!"

"விட்டாச்சுய்யா!"

"இன்னும் விடு!"

"இன்னும் விட்டா உயிர்தான்யா போகும்!"

சட்டைப் பொத்தான்கள் மூன்று தெறித்த பிறகு மெக்கானிக் வெளியே வந்தார். அதே வழியில் ஒல்லி கடிதம் தபால் பெட்டிக்குள் விழுவதுபோல உள்ளே இறங்கி, மூவரையும் மீட்டார். அவர்கள் கைதட்டினார்கள். இருபத்துநான்கு வருஷமாக அந்தக் கைதட்டல் மெக்கானிக்குக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள்.

"நம்மகிட்ட இருக்கறதுலயே நல்ல கை உங்களோடது. ஆனா கை மட்டும் உள்ள போனாப் போதாதே" என்றார். "ஏழு மாசத்துல வருஷப் பரிசோதனை வருது. அதே வழில நீங்க இறங்கிக் காட்டணும். இல்லன்னா ஃபோன் மேஜைக்கு மாத்திடுவேன். வருத்தப்படாதீங்க, அங்க ஃபேன் இருக்கு."

ஃபோன் மேஜை என்பது ஜன்னல் இல்லாத அறை. புகாரைக் கேட்டு எழுதி, வேறு யாரையாவது அனுப்ப வேண்டும். இருட்டில் நடுங்கும் மனிதர்களுக்கு மேலிருந்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பதுதான் தன் வேலை என்று மெக்கானிக் நம்பியிருந்தார். மற்றதெல்லாம் அதற்காகத் தூக்கிச் சுமக்கும் கருவிகள். அந்தக் குரலை ஒரு தொப்பை பறித்துவிடுமா?

அன்று மாலையே டேப்போடு போய் அந்த வழியை அளந்தார். பதினாறு அங்குலம் அகலம், இருபது அங்குலம் நீளம். வீட்டுக்கு வந்து ஒரு பிளைவுட் பலகையில் கோடு போட்டு, நடுவே அறுத்து எடுத்து, அந்த ஓட்டைப் பலகையைப் படுக்கையறைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

அவர் மனைவி தையல்காரர். முன்னறையில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். "என்னங்க இது, வீட்டுக்குள்ள நாய்க்குக் கதவா?"

"எனக்கு."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்திரண்டு அங்குல இடுப்பு. கண்ணாலேயே அளந்துவிடுவார். சிரிக்கவில்லை. "அப்ப டீல போடற நாலு கரண்டி சர்க்கரையில இருந்து ஆரம்பிக்கலாமா?"

நாலு மூன்றாகி, இரண்டாகி, ஒரு மாதத்தில் ஒன்றுமில்லாமல் ஆனது. முதல் வாரம் டீ, துணி துவைத்த தண்ணீர்போல இருந்தது. கருவிப் பையில் ஸ்குரூடிரைவருக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியிருந்த பிஸ்கட் பொட்டலம் காலி செய்யப்பட்டு, அங்கே வெள்ளரிக்காய் குடிவந்தது. தட்டில் பாதி காய்கறி. பொரித்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ராத்திரிச் சாப்பாடு இருட்டுவதற்கு முன்பே முடிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். படி ஏறுவதுதான் பெரிய கூத்தாகிவிட்டது.

வேலைக்குப் போகும் கட்டடங்களில் இனி லிஃப்ட் ஏறுவதில்லை என்று தீர்மானித்தார். முதல் நாள் மூன்றாவது மாடியில் வியர்த்து ஊற்ற நின்றவரைப் பார்த்து ஒரு வீட்டுக்காரர் பதறினார். "ஐயையோ, லிஃப்ட் மெக்கானிக்கே படியில வர்றாரு! அறுந்துபோச்சா?"

"இல்ல சார், நல்லா ஓடுது."

"நல்லா ஓடுதுன்னா நீங்க ஏன் நடக்கறீங்க?"

ஒரே வாரத்தில் பதினேழு புகார்கள். லிஃப்ட்டில் ஏதோ மறைக்கிறார்கள், அதன் மெக்கானிக்கே ஏறப் பயப்படுகிறார் என்று. மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் ஒல்லி அட்டையில் எழுதி அவர் முதுகில் தொங்கவிட்டார்: 'லிஃப்ட் நன்றாக இருக்கிறது. சரியில்லாதது நான்தான்.'

அட்டையைப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிலர் கூடவே இரண்டு மாடி ஏறினார்கள். இரண்டாம் மாதம் அவர் நிற்காமல் ஐந்தாவது மாடி தொட்டார். நான்காம் மாதம் பதினொன்று! உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோது நெஞ்சில் ஒரு குதிரை ஓடியது. பயத்தில் ஓடிய குதிரையல்ல. இத்தனை வருஷம் ஊரையெல்லாம் மேலே ஏற்றியவர் தன் காலால் ஏறி வந்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலைதோறும் பலகைப் பரீட்சை. முதலில் தோளிலேயே நின்றது. பிறகு கைகளை மேலே தூக்கி நுழைந்தால் மார்பு கடந்தது. ஐந்தாம் மாதம் தொப்பை கடந்தது. "போயிடுச்சு! போயிடுச்சு!" என்று பலகையை மாட்டிக்கொண்டே முன்னறைக்கு ஓடினார். துணி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆனால் இடுப்பெலும்பு கடக்கவில்லை. ஆறாம் மாதமும் இல்லை. ஏழாம் மாதமும் இல்லை. பரிசோதனைக்கு முந்தைய நாள் காலை பலகை இடுப்பில் வளையம்போல இறுகி நின்றது. கண் கலங்கிவிட்டது.

மனைவி டேப்பைச் சுற்றிப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு. ஏழு அங்குலம் போயிருக்கு. சும்மாவா?"

"வழி ஏழு அங்குலத்தைக் கேக்கல. என்னைக் கேக்குது. எலும்பை எங்க கொண்டுபோய்க் குறைக்கறது?"

அம்மாள் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பரிசோதனை நாள். அதே கட்டடம், அதே லிஃப்ட், அதே ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே. மேடம் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரைமேல் ஒல்லி, இழுக்கத் தயாராகக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிக்கிட்டா விடமாட்டேண்ணே. பொத்தானுக்கு நான் பொறுப்பில்ல."

மெக்கானிக் கால்களை உள்ளே விட்டார். மூச்சை முழுசாக வெளியே விட்டார். பலகையில் மாட்டும் இடம் நினைவுக்கு வந்தது. அங்கே நெருக்கித் தள்ளியாக வேண்டும் என்று பல்லைக் கடித்து, உடம்பின் பலத்தையெல்லாம் திரட்டி ஒரே அழுத்து அழுத்தினார்.

தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. சரேலென்று இறங்கி, லிஃப்ட் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். லிஃப்ட்டே ஒருமுறை ஆடியது.

மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இறங்கச் சொன்னேன். குதிக்கச் சொல்லல."

மெக்கானிக் விழுந்த இடத்திலிருந்தே மேலே பார்த்தார். "பயப்படாதீங்க மேடம்" என்றார். "நான் வந்துட்டேன்."

மேலே ஒல்லி கூரைத் தகட்டை டமடமவென்று தட்டினார். மேடம் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டு, "ஃபோன் மேஜைக்கு வேற ஆள் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவரளவில் அது பெரிய பாராட்டு.

ஆனால் மெக்கானிக்குக்குக் குடைச்சல் போகவில்லை. மறுபடி வழியை அளந்தார். பதினாறுக்கு இருபது, சரிதான். ஆறு மாடியையும் படியில் இறங்கி ஓடி, வீட்டுக்குப் போய்ப் பலகையை அளந்தார். பதினாலுக்குப் பதினெட்டு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் வேலையில் எந்தத் திறப்புக்குத் தகடு வெட்டினாலும் உரசாமலிருக்கப் பக்கத்துக்கு ஒரு அங்குலம் குறைத்து வெட்டுவார்கள். இருபத்துநான்கு வருஷப் பழக்கம். எழுதிவைத்த அளவு சரி; அறுத்த கை தன்பாட்டில் கழித்துவிட்டது. இல்லாத வழிக்காக அவர் இரண்டு மாதம் கூடுதலாகப் பட்டினி கிடந்திருக்கிறார்.

மனைவி கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மிஷின்மேல் இருந்த ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. "நான் அளவெடுத்தா ரெண்டு விரல் கூட்டி வெட்டுவேன். நீங்க குறைச்சு வெட்டியிருக்கீங்க. அளவை என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே போதும்னு நிறுத்தியிருப்பேன்" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் தொளதொளத்த அவருடைய ஐந்து பேண்ட்டுகளையும் அம்மாள் பிடித்துத் தைத்தார். உள்பக்கம் ஏழு அங்குலத் துணி மடிப்பாக நின்றது.

"அந்த மிச்சத்தை வெட்டிப் போட்டுடு" என்றார் மெக்கானிக். "இனிமே அது எதுக்கு?"

அம்மாள் கத்தரிக்கோலை எடுத்தார். அவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கத்தரிக்கோலை இழுப்பறையில் திரும்ப வைத்தார்.

"முதல்ல பதினாலுல போங்க. அப்புறம் வெட்டறேன்."

மெக்கானிக் எழுந்து, ஐந்தாவது பேண்ட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார், மறுபடி ஏறி வருவதற்காக.