என்டர் தட்டாத பக்கங்கள்

பரமநாதனோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். முழங்கால் நின்றால் பேனாவின் தலை டக் டக்கென்று அடிக்கும். லிஃப்ட் வரும்வரை பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பான். அக்கரை பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் போனால், கரை தட்டுமுன்பே இறங்கும் வழியை மறித்த சங்கிலிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவான். தே ஓ என்கிற பால் சேர்க்காத டீ ஆறும்வரை பொறுக்க முடியாமல் ஐஸ் கட்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன். “காலில் யாராவது வெந்நீர் ஊத்திட்டாங்களாடா?” என்று கேட்டால் சிரிப்பான். என்னைவிட இளையவன், கெட்டிக்காரன், மனதில் கள்ளம் இல்லாதவன். அதனால்தான் அவனைத் திட்ட எனக்குத் தாராளமாக மனம் வந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. தீவில், பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு துணி ஆலையின் தலைமை அலுவலகம் அது. ஆலை கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில். கண்ணாடி அறைக்குள் குளிரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து கம்பி இழுத்து, மேசைக்கு மேசை பச்சை எழுத்து காட்டும் திரைகள். அதற்கு புரோகிராம் எழுதுகிறவர்கள் நாங்கள் இருவர். எங்களுக்கு மேலே மேனேஜர் சாத்தப்பன், குரல் உயர்த்தாத மனிதர்.

ஆலைத் தொழிலாளர்களின் பெயர்களைக் காட்டும் திரையைப் பரமநாதன்தான் எழுதினான். ஒரு வரிக்கு ஒரு பெயர். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து தட்ட வெற்றிடம். எஃப் எட்டு என்ற விசையைத் தட்டினால் அடுத்த பக்கம், எஃப் ஏழைத் தட்டினால் முந்தின பக்கம். இதில் ஒரு சங்கதி உண்டு. தட்டிய எழுத்து, புரோகிராம் அதை எடுத்துக்கொள்ளும்வரை திரையின் கண்ணாடியில்தான் இருக்கும். பக்கம் புரட்டச் சொன்னாலும், முதலில் தட்டியதை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம்தான் புரட்ட வேண்டும். நான் எழுதிய திரைகள் அப்படித்தான் செய்யும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் பரமநாதனுக்குப் பொறுக்காது. அவனுடைய திரை எஃப் எட்டைத் தட்டியதும் புரட்டிவிடும். தட்டிய எழுத்துகளை என்டர் தட்டினால் மட்டுமே வாங்கிக்கொள்ளும்.

“இது தப்பு பரமா. தட்டினத வாங்காம பக்கத்த மாத்தினா அது எங்க போகும்?”

“பக்கம் புரட்டுறவங்க பார்க்கிறவங்க லா, அக்கா. எழுதுறவங்க என்டர் தட்டட்டுமே.”

ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டினான்: முதலில் என்டர், பிறகு எஃப் எட்டு. ஒட்டிய நேரத்தில் திருத்தியிருக்கலாம் என்று சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. அலுவலகமோ, “பரமநாதன் ஸ்கிரீன் பறக்குது லா” என்று அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

அந்தத் திரையில் அதிகம் வேலை செய்தவள் நூர்ஜான். சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். சீட்டில் சொன்னபடி என்டர், பிறகு எஃப் எட்டு. அவள் விரல் பிசகி நான் பார்த்ததில்லை. அவளுடைய தங்கை ஜன்னத் எங்கள் ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தாள். அக்கா தங்கை இருவரின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

அந்த வருஷம் ஆர்டர்கள் வற்றின. நூற்புப் பகுதியில் ஆட்குறைப்பு என்று மேலிடம் முடிவு செய்தது. தொடர்ந்து வேலை செய்யப் போகிறவர்களின் பெயருக்கு முன்னால் ‘எஸ்’ தட்ட வேண்டும். எஸ் இல்லாத பெயர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரே வேலைநீக்கக் கடிதம் அச்சடிக்கும். அந்தப் பெயர்களை எழுதி அனுப்ப நேரமில்லை, டெலிபோனிலேயே சொல்கிறோம் என்றார்கள் ஆலையில். சொல்கிறவள் மேற்பார்வையாளர் நோர்மா. தட்டுகிறவள் நூர்ஜான்.

அன்று காலை நான் எதிர் மேசையில் இருந்தேன். ரிசீவரைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் தட்டினாள். நோர்மா மூச்சு விடாமல் பெயர்களை வாசிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. தங்கையின் பெயர் வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது. உதடு வெளுத்துப்போய், ஒரு பக்கம் முடிவதற்குள் அடுத்த பக்கத்துக்குத் தாவிக்கொண்டிருந்தாள். என்டர் தட்டினால் திரை ஒரு கணம் யோசிக்கும். அதற்குள் நோர்மா நாலு பெயர் முன்னால் போய்விடுவாள். எஃப் எட்டோ நினைத்த மாத்திரத்தில் புரட்டும். அவள் விரல் எஃப் எட்டுக்கே போனது. புதிதாகப் புரட்டிய ஒரு பக்கத்தில் திடீரென்று நிறுத்தினாள். அந்தப் பக்கத்தின் முதல் எஸ்ஸைத் தட்டி, என்டரை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னத்தின் பெயர் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. அதற்குள் நோர்மா அடுத்த பெயர்களுக்குப் போய்விட்டாள். நூர்ஜானும் மறுபடி எஃப் எட்டு, எஃப் எட்டு என்று துரத்திக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் கடிதங்கள் அக்கரைக்குப் போயின. மத்தியானம் நோர்மா டெலிபோனில் கத்தினாள். “நீ இருக்கிறாய்” என்று அவள் வாயால் சொல்லப்பட்டவர்களுக்கெல்லாம் வேலைநீக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஆலை வாசலில் பெண்கள் உட்கார்ந்து அழுகிறார்கள். நூற்புப் பகுதி முழுவதிலும் கடிதம் வராத ஒரே ஆள் ஜன்னத்.

சாத்தப்பன் நூர்ஜானை அறைக்குக் கூப்பிட்டார்.

“உன் தங்கச்சிக்கு மட்டும் போட்டுட்டு மத்தவங்கள விட்டுட்டியாம்மா?”

“எல்லாருக்கும் போட்டேன் சார். வல்லாஹி, எல்லாருக்கும் போட்டேன்.”

கதவு திறந்தே இருந்தது. பரமநாதனின் முழங்கால் நின்றது. அவள் வெளியே வந்ததும் கேட்டான்.

“ஜன்னத் பேருக்கு மட்டும் என்டர் தட்டினியா?”

அவள் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆமாண்ணே. அவங்க வேகமா சொல்லிக்கிட்டே போனாங்கண்ணே…”

அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆள் குறைக்கிற நேரம் வேறு. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவளோடு போயிருக்கும். அவன் அப்படியே எழுந்து சாத்தப்பனின் அறைக்குள் போனான். அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

“நீங்களே தட்டிப் பாருங்க சார்” என்று அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தான். அவர் ஒற்றை விரலால் சில பெயர்களுக்கு எஸ் போட்டார். எஃப் எட்டு தட்டினார். எஃப் ஏழு தட்டித் திரும்பி வந்தார். பெயர்களுக்கு முன்னால் வெறும் இடம்.

“நான் போட்டது எங்க?”

“என் புரோகிராம் வீசிடுச்சு சார். வேகமா புரட்டணும்னு நான்தான் அப்படி எழுதினேன்.”

சாத்தப்பன் திரையைப் பார்த்தபடியே இருந்தார். “ஒரு நொடிய மிச்சம் பிடிக்கவா இத்தனை பேர அழ வச்சிருக்கோம்?” என்றார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

வேலைநீக்கம் ரத்து என்று புதுக் கடிதங்கள் அடித்தோம். நேரில் போய்ச் சொல்லுங்கள் என்று பரமநாதன், நூர்ஜான், நான் என எங்கள் மூவரையும் அனுப்பினார். ஆலை வாசலில் கடிதங்களை நோர்மா கொடுக்கக் கொடுக்க, பெண்கள் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பரமநாதன் கையை மேலும் கீழும் ஆட்டி, பக்கம் புரளும் விதத்தையும் எழுத்து காணாமல் போன விதத்தையும் விளக்கினான். தப்பு என்னுடையது, நூர்ஜானுடையது இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் அவர்கள். ஜன்னத்துக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் காமாரியா, கடைசிவரை கேட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“சரிண்ணே, எல்லாரையும் மறந்த மெஷினு, இவளை மட்டும் எப்படி லா ஞாபகம் வச்சிருந்துச்சு?”

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. என்டர் பற்றி அவன் மறுபடி ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை. ஜன்னத் அக்காவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியும் பொய் சொன்னவர்கள்போல நாங்கள் திரும்பி வந்தோம். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பரமநாதன் திரையைத் திருத்தினான். எஃப் எட்டு தட்டினால் முதலில் தட்டியதை வாங்கும், சேர்க்கும், பிறகு புரட்டும். ஓரத்தில் ஒட்டிய சீட்டுகளைத் தானே கிழித்தான். மெதுவாகிவிட்டது என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள்.

ஆலையில், நோர்மா பெயர் வாசித்தவர்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் ஜன்னத் கேன்டீனில் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகும். அவள் இயந்திரத்தில் நூல் அறுந்தால் உதவிக்கு ஒருத்தி வரமாட்டாள். “அக்காக்காரி ஆபீஸ்ல இருக்கா, அவளுக்கு என்ன லா” என்று காதுபடப் பேசுவார்கள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பிறகு அவளே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விலகுகிறவர்களின் பெயருக்கு முன்னால் ‘ஆர்’ தட்ட வேண்டும். அந்த வாரத்துக் கடிதங்கள் வழக்கம்போல நூர்ஜானின் மேசைக்கு வந்தன. நான் தட்டுகிறேன், நீ எழுந்திரு என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். தங்கையின் வரிக்கு வந்தாள். ஆர் தட்டினாள். என்டர் தட்டக் கை வராமல் அடுத்த பக்கத்துக்குப் புரட்டிவிட்டாள். உடனே எஃப் ஏழு தட்டித் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஆர் அங்கேயே இருந்தது. ஜன்னத்தின் பெயருக்கு எதிரே, ‘விலகினார்’ என்றும் வந்துவிட்டிருந்தது.

“இப்ப சரியா வாங்கிக்குதுண்ணே” என்றாள் நூர்ஜான், பரமநாதனைத் திரும்பிப் பாராமலே.