பின்கதவுத் தொட்டாற்சுருங்கி

நுகேகொடையில் ஒரு பூங்கன்றுக் கடையில் தொட்டாற்சுருங்கியைச் சட்டியில் வைத்து விற்கிறார்கள். விரல் பட்டதும் இலைகள் மடங்கின. கூடவே வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டோடு ஒட்டியபடி நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் பின்கதவும், அங்கிருந்து ரயில் பாதை வரை போகும் மணல் ஒழுங்கையும், உப்புக்காற்றில் கலந்த தண்டவாள எண்ணெய் மணமும் வந்து நின்றன.

ஆமியோ பொலிஸோ எப்போது வீட்டுச் சோதனைக்கு வரும் என்று தெரியாத அந்தப் போர் வருடங்களில், அம்மா மனிதர்களை விட ஒழுங்கையில் படர்ந்திருந்த இந்தச் செடியைத்தான் நம்பினார். அடுப்புக்கு மேலிருந்த குசினி யன்னலை விரலளவு திறந்து பார்ப்பார். இலைகள் மடங்கிக் கிடந்தால் யாரோ வந்து சுவரோடு நிற்கிறார்கள் என்று அர்த்தம். மழைக்கும் காற்றுக்கும்கூட அது மடங்கும் என்று அப்பா சொன்னால், அப்பாவையே சந்தேகமாகப் பார்ப்பார்.

நானும் தங்கச்சியும் ஒரே இலையைத் திரும்பத் திரும்பத் தட்டி விளையாடுவோம். கொஞ்ச நேரத்தில் அது அலுத்துப்போய், தொட்டாலும் விரிந்தபடியே இருக்கும். அதைக் கண்டால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

"அதைப் பழக்காதேங்கோ! பிறகு ஆர் வந்தாலும் சும்மா இருக்கும்."

அந்த ஒழுங்கையின் மேல் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. அம்மா என்னோடு ஐந்தாம் மாடி வீடொன்றில் இருக்கிறார். நான் வாங்கிவந்த சட்டியை வாசலுக்கு வெளியே வைத்ததும், "உள்ள வை பிள்ளை, போறவை வாறவை தொட்டுப் பழக்கிப்போடுவினம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது; சட்டியை வெளியிலேயே விட்டேன்.

மறுநாள் பின்னேரம் வேலையால் வந்து சாவியை எடுத்தபோது, ஒரு கிளையில் மட்டும் இலைகள் மடங்கியிருந்தன. கதவைத் திறக்காமல், படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றேன்.