குச்சியை முந்திய கை

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு குஷி. ஈப்போ நகரத்துச் சேவைக் கிளப்புக்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இலவசக் கண் பரிசோதனை நடத்தப் போகிறார்கள். டவுன் பள்ளியில் அவர்கள் தொடங்கிய இளைஞர் மன்றத்திலிருந்து ஆறு பேரை உதவிக்கு எடுத்திருந்தார்கள். அதில் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருத்திதான். எழுபதுகளின் கடைசி, நான் நான்காம் படிவம், பதினாறு வயது. மற்றவர்களுக்குப் பெயர் எழுதும் வேலை, நாற்காலி தூக்கும் வேலை. எனக்குக் குச்சி! சுவரில் மாட்டிய அட்டையில் எழுத்தைத் தொட்டுக் காட்டும் குச்சி. அதற்குப் பிறகு நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை.

அட்டை முழுக்க ஆங்கில ‘ஈ’ எழுத்து மட்டும்தான். மேலே, கீழே, இடம், வலம் என்று கால் நீட்டிக்கொண்டு, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். படிக்காதவர்களும் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். முகாமில் மாட்டப்போகும் மன்றத்து அட்டையைப் பார்த்து நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அப்படியே வரைந்து, வீட்டுச் சுவரில் ஒட்டிப் பழகினேன். அம்மா இரண்டே நாளில் சலித்துப் போனார். அப்பா சலிக்கவில்லை. தோட்டத்து லாரி டிரைவர் அவர். விடிந்ததும் கொழுந்து பறிப்பவர்களை மலைக்கு ஏற்றிப்போய் விட்டு, பிறகு எங்களை டவுன் பள்ளிக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சுவருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு வாட்டி காட்டு என்பார். என் வேலையில் அப்பாவுக்கு இத்தனை ஆர்வமா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

முகாம் அன்று மண்டபத்து வாசலில் வரிசையாகக் கார்கள். எல்லோரும் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். கொழுந்து பறிப்பவர்களை வேலை வாங்குபவர், என்னைக் கண்டாலே அதட்டும் கங்காணி, நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே அவரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைத்தேன்.

மத்தியானம் டிரைவர்கள் முறை. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு தாளோடு வந்து நின்றார். கண் சரியில்லாதவர்களுக்கு இனி லாரி கிடையாது என்பது தோட்டத்து மேனேஜர் துரையின் உத்தரவாம்; டிரைவர்களுக்குப் போன வாரமே சொல்லியாயிற்றாம். லாரி போனால் புல் வெட்டும் வேலைதான். அப்பா தரையில் கிழித்த சாக்பீஸ் கோட்டில் வந்து நின்று ஒரு கண்ணைப் பொத்தினார். நான் காட்டக் காட்ட அவர் கை திரும்பிக்கொண்டே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாவது வரியில், பெயர் எழுதும் பெண் ஏதோ கேட்கிறாளே என்று ஒரு கணம் திரும்பினேன். குச்சி மூன்றாவது எழுத்திலேயே நின்றது. அப்பாவின் கை நான்காவதைக் காட்டிவிட்டது.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என் நாள்காட்டித் தாளை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். தாளில் மூக்கு உரச உட்கார்ந்து அவர் படித்தது இதற்குத்தான்.

யாரும் கவனிக்கவில்லை; டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வரிசையாகவே காட்டியிருந்தால் அப்பா பாஸ். என்னையே ஏமாற்றினாரே என்று கோபம் பொங்கியது. அவரைப் புல்வெட்ட அனுப்பப் போவது நான்தான் என்பதும் தெரிந்தது. ஆனால் அந்த லாரியில் முப்பது பிள்ளைகள் போகிறோம். குச்சியை வரியின் கடைசிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பின்னோக்கிக் காட்டினேன். அப்பாவின் கை பழைய வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தது.

“அப்பாவுக்குத் தெரியல, டாக்டர்,” என்றேன்.

கிராணி அங்கேயே லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். அப்பா மூன்று வாரம் புல் வெட்டினார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது தப்பென்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இருந்தாலும் தினமும் அழுதேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காரர்கள் கண்ணாடிகளோடு திரும்பி வந்தார்கள். அப்பாவுக்குக் கறுப்புச் சட்டத்தில் தடித்த கண்ணாடி. கண்ணாடி போட்டால் இவர் தாராளமாக லாரி ஓட்டலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதத்தை அவர்களே துரையிடம் சேர்த்தார்கள். மறுநாள் காலை சாவி அப்பா கையில்! லாரியில் பிள்ளைகள் போட்ட கூச்சல் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும்.

கியா பார்ம் கிராமத்தைத் தாண்டி ஒரு வளைவில் அப்பா லாரியை நிறுத்தி இறங்கினார். வண்டி கெட்டுவிட்டதோ என்று நானும் குதித்து ஓடினேன். அவர் சாலை ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பாதாளத்தில் காய்கறித் தோட்டங்கள் தெரிந்தன.

“ரோடு இங்கயே முடிஞ்சிருது, பிள்ள. இன்னும் நாலடி இருக்குன்னுல்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன்.”

பிறகு லாரியின் பின்பக்கம் போய், உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து வருடமாக, தினமும் இரண்டு தடவை, அந்த வளைவில் எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்.